லில்லி அக்காளின் கார்டில் நான் எழுதியது

போன மாதம் கிளினிக்கில் எனக்குச் சின்னதாக ஒரு வழியனுப்பு வைத்தார்கள். கேக் வெட்டி, சால்வை போட்டு, மைக்கைக் கையில் தந்தார்கள். மூன்று நாள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சு, மைக்கைக் கண்டதும் எந்த வழியாகப் போயிற்றோ தெரியவில்லை. "எல்லாருக்கும் நன்றி, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு வாரம் இதே விசாரம்தான். வத்சலா டாக்டர் என்ன நினைத்திருப்பார், முப்பத்தெட்டு வருஷம் வேலை தந்தவருக்கு இவ்வளவுதானா என்று நினைத்திருப்பாரோ, போய்ச் சொல்லலாமா, சொன்னால் அது இன்னும் மோசமாகுமா என்று.

நம் சபை மாத இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, சொல்லாமல் போன அந்தப் பேச்சை இங்கே பேசி முடித்துவிடலாம் என்று தோன்றிற்று. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழையைப் பற்றிச் சொல்லத்தான் எழுதவும் செய்கிறேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் பள்ளியை விட்டேன். நாலைந்து வருஷம் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை தல்லி உடைத்தேன். கை முழுக்கக் கொட்டைத் தோட்டின் பால் பட்டுப் பொரிந்து கிடந்த சமயத்தில்தான், பாறசாலையில் மருந்துக்கடைக்கு மேலே மாடியில் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்திருக்கிறார், தூத்துத் துடைக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வத்சலா டாக்டருக்கு ஊர் நெய்யாற்றின்கரை. வீட்டில் மலையாளம், எங்களிடம் பாதித் தமிழ். என் கையைப் பார்த்தார். "இது ஆறட்டும். ஆறினதுக்கப்புறம் வந்தா போதும். ஜோலி நினக்குத்தான்" என்றார். அந்த இரண்டு வாரமும் வேறு யாரையாவது வைத்துவிடுவாரோ என்று பயந்து, தினமும் ஏணிப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வேலையை மூன்று மாதத்தில் படித்துக்கொண்டேன். எந்தக் கருவி எந்தத் தட்டில், எது எத்தனை நிமிஷம் ஸ்டெரிலைசரில், யாருக்கு எவ்வளவு பஞ்சு. ஆனால் என் சுபாவம் மாறவில்லை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிய பிறகு இறங்கி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்த்திருக்கிறேன். நோயாளியிடம் பேர் கேட்டால் இரண்டாவது தடவையும் கேட்பேன். கூட இருந்த நர்ஸ் பெண் இதைச் சொல்லிச் சிரித்தபோது டாக்டர் சிரிக்கவில்லை. "மற்றவங்க ஒரு தடவ கேக்கும். இவ மூணு தடவ கேக்கும். கார்டு எழுத எனக்கு இவ மதி, இவ போதும்" என்றார். அன்று முதல் கார்டு எழுதுவது என் வேலையாயிற்று.

கார்டு என்றால், தாடை நோவோடு வருகிறவர்களுக்கு டாக்டர் தனியாக வைத்திருந்த மஞ்சள் அட்டை. பல் டாக்டரிடம் வருகிற எல்லாருக்கும் பல்லில்தான் நோய் இருக்க வேண்டுமென்று இல்லை. இதை வாசிக்கிறவர்கள் இரண்டு காதுக்கும் முன்னால் ஒவ்வொரு விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு முன்னால் வந்து திரும்பிப் போவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முழங்காலில் இருப்பது போல இதற்குள்ளும் ஒரு சவ்வு உண்டு. அது இடம் மாறினால் சத்தம் கேட்கும், சிக்கிக்கொண்டால் வாய் திறக்காது. மூட்டு நன்றாக இருந்து, அதை இழுக்கிற தசை மட்டும் களைத்து நோவதும் உண்டு. அந்த நோவு காதில் தெரியும், பல்லில் தெரியும், தலையில் தெரியும். காது டாக்டரிடம் ஒரு வருஷம் சொட்டு மருந்து விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொத்தையும் இல்லாத கடைவாய்ப்பல்லை அங்கொன்று இங்கொன்றாகப் பிடுங்கிவிட்டு, நோவு மட்டும் அப்படியே இருக்கிறது என்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. முதலில் என் தாடையில்தான் படித்தேன்.

ஒரு நாள் சாயா நேரத்தில் பழம்பொரியைக் கடித்தபோது வலது காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கடிக்கும் டக். எலும்பில் ஏதோ வந்துவிட்டது, இன்னும் ஆறு மாசம்தான் என்று நானே முடிவு பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் இடப்பக்கமே சவைத்தேன். அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று மனசுக்குள் பங்கு வைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தாரோ, ஒரு மத்தியானம் ஆள் ஒழிந்த நேரத்தில், "ஸ்டெல்லா, இங்ஙோட்டு வா. இரி" என்றார்.

எனக்குப் பின்னால் நின்று காதுக்கு முன்னால் விரல் வைத்தார். பைய வாயைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். டக். முன்னால் வந்து, தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் வளைந்து போகிறதா என்று பார்த்தார். என் மூன்று விரலையே அடுக்கி வாய்க்குள் நிறுத்தச் சொன்னார். நின்றது. கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் அழுத்தி, "வேதனை உண்டோ? இவிடெ? இவிடெ?" என்று கேட்டார். கடைசியில், "சத்தம் மட்டும் உண்டு. வேதனை இல்ல, தடக்கம் இல்ல, வாய் முழுசும் தொறக்குது. பாதிப் பேருக்க தாடையில இந்தச் சத்தம் உண்டு. அதுக்கு மருந்து வேண்டாம்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆனா ஒரு காரியம்" என்று கண்ணாடியை நீட்டினார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அச்சு. "நீ பகல் முழுக்க பல்ல கடிச்சிட்டு ஜோலி செய்யுத. தின்னும்போது மட்டும்தான் பல்லும் பல்லும் தொடணும். மற்ற நேரம் சுண்டு, இந்த உதடு, மூடியிருக்கும், பல்லு விட்டிருக்கும். எவிடெயெங்கிலும் ஒரு அடையாளம் வை. அதைக் காணும்போதெல்லாம் தாடைய விடு." தன் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துத் தந்தார்.

நான் அதை வீட்டில் கடிகாரத்தில் ஒன்று, தண்ணீர்க் குழாயில் ஒன்று, வாசற்கதவில் ஒன்று என்று ஒட்டிவைத்தேன். அடுத்த வாரம் எங்கள் வீட்டில் பெண்கள் ஐக்கிய ஜெபக்கூட்டம். வந்தவர்கள் யாரும் பொட்டு வைக்கிறவர்கள் இல்லை; ஜெபம் நடக்கிறது, கண்ணெல்லாம் சுவரில். முடிந்ததும் ஒரு அம்மா மெல்ல, "ஸ்டெல்லா, இந்த வீட்டுல பொட்டு வைக்கியது ஆரு?" என்று கேட்டாள். எனக்கு வாய் குழறி, "கடிகாரத்துக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து, "கடிகாரத்துக்குக் கல்யாணமா ஏட்டி? எங்களுக்கு விளி இல்லியா?" என்று ஒரு குரல். ஜெபக்கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தக் குரல்தான் லில்லி அக்கா.

லில்லி அக்காளை நம் சபையில் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளித் தையல் கடை. பாடகர் குழுவுக்கு அங்கி, பிள்ளைகளுக்கு யூனிபார்ம், மணப்பெண்ணுக்கு பிளவுஸ், எல்லாம் அவள் மெஷினிலிருந்துதான் வரும். பாடிக்கொண்டே தைப்பாள், பாட்டுக்கு நடுவில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். கத்திரிக்கோல் மடியிலேயே இருக்கும், எடுக்க மாட்டாள். என்னைச் சின்னதிலிருந்து தெரியும் அவளுக்கு. எனக்கும் அவளைத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கார்டு எழுதுகிற முறையைச் சொல்கிறேன். தாடை நோவோடு வருகிறவரைப் பல் பார்க்கிற நாற்காலியில் முதலில் ஏற்றக்கூடாது. அதில் சாய்ந்தால் ஆள் வாயைத் திறப்பார், பேச்சை மூடிக்கொள்வார் என்பார் டாக்டர். சாதாரண ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே இன்னொரு ஸ்டூலில் நான் உட்கார வேண்டும். எங்கே நோவு, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். விரல் காதோரம் நின்றால் மூட்டாக இருக்கலாம், உள்ளங்கையைப் பரத்திக் கன்னம் முழுக்கக் காட்டினால் தசையாக இருக்கலாம். எழும்பும்போதே நோவா, சாயங்காலம் ஆக ஆகவா? தூக்கத்தில் பல் நறநறக்கிறவர்களுக்குக் காலையில் நோவும். சவைக்கும்போது முதல் வாயிலேயே நோவா, போகப் போகவா? சத்தம் உண்டா? எப்போதாவது சிக்கியதா? தலையிலும் கண்ணிலும் காதிலும் ஏதாவது உண்டா? சாப்பிடுவதைத் தவிர வாயால் வேறு என்ன செய்கிறீர்கள்?

பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். தமிழில் சொன்னால் தமிழ், மலையாளத்தில் சொன்னால் மலையாளம், இரண்டும் கலந்து சொன்னால் கலந்தபடி. 'கடைவாயில ஒரு குருவி கொத்துது' என்று சொன்னால் குருவியையும் எழுத வேண்டும். நான் ஒரு தடவை குருவியை விட்டுவிட்டு 'குத்தல் வலி' என்று எழுதியதற்கு டாக்டர் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்தக் கேள்விகள் வீணில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தனுவச்சபுரத்தில் படிக்கிற ஒரு பெண் பிள்ளையை அவள் தாயார் கூட்டிவந்தாள். ஒரு வருஷமாக டக் டக் என்று சத்தம் கேட்குமாம். மூன்று நாளாகச் சத்தம் நின்றுவிட்டதாம். "சுகமாச்சு டாக்டரே, ஆனா பிள்ள வாய் தொறக்க மாட்டேங்குது. சோறு வேண்டாம்னு அடம் பிடிக்குது" என்றாள் தாயார். பிள்ளை வாயில் ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. திறக்கும்போது தாடை இடப்பக்கம் கோணிற்று. டாக்டர் என்னைப் பார்த்து, "சத்தம் எந்தா நின்னது?" என்றார். இடம் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த சவ்வு இப்போது திரும்பி வராமல் முன்னாலேயே மாட்டிக்கொண்டது. அதனால் சத்தமும் இல்லை, வாயும் இல்லை. பிள்ளைக்கு அடம் ஒன்றும் இல்லை. அன்றே கையால் தாடையைக் கீழே அமர்த்தி முன்னால் இழுத்து விடுவித்தார். பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட்டும் செய்து தந்தார். 'சத்தம் நின்ற நாள்' என்று நான் கார்டில் எழுதியிருந்ததைத் தாயாரிடம் காட்டி, "இதைக் கேட்டதுகொண்டு அறிஞ்சோம்" என்றார். எழுதின என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் எத்தனை கார்டு வேண்டுமானாலும் எழுதுவேன்.

அப்படிப்பட்ட நான்தான் லில்லி அக்காளின் கார்டை அவளிடம் கேட்காமல் எழுதினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு, ஓணம் கழிந்த திங்கட்கிழமை. ஓணம் லீவில் பல்லைக் கவனிக்காமல் விட்டவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். மாடிப்படி வரை ஆள். அதற்கு நடுவில் லில்லி அக்கா, இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி, என் தாடைய ஒண்ணு நோக்கச் சொல்லு. தின்ன முடியல்ல" என்றாள். "இரி அக்கா" என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்தேன். எதிரே உட்காரவில்லை. நின்றுகொண்டே எழுதினேன். அவளிடம் என்ன கேட்க? அவள் எந்தப் பக்கம் சவைப்பாள் என்று எனக்குத் தெரியும். நூல் கடிப்பது தெரியும். மருமகளோடு பிணங்கிக்கொண்டு பல்லைக் கடிப்பது தெரு முழுக்கத் தெரியும். 'வலி: இடது தாடை. மெல்லும்போது வலி: உண்டு. சத்தம்: இல்லை. பழக்கம்: நாற்பது வருஷமாக முன்பல்லால் நூல் அறுத்தல். மன உளைச்சல்: உண்டு.' முத்து முத்தான கையெழுத்து. எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், "எல்லாம் எழுதியாச்சு அக்கா, டாக்டர் விளிப்பாவ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

டாக்டர் விரல் வைத்துப் பார்த்தார். வாய் மூன்று விரல் திறந்தது, சத்தம் இல்லை, கோணல் இல்லை. இடது பக்கம் கன்னமும் நெற்றிப்பொட்டும் அழுத்தினால் நோவு. கார்டைப் பார்த்தார். எல்லாம் பொருந்திற்று. தசை களைத்திருக்கிறது, ஒரு வாரம் கஞ்சி மட்டும், நூல் கடிக்கக்கூடாது, வெந்நீர்த் துணி வைக்கணும், அடுத்த வாரம் பிளேட்டுக்கு அளவெடுக்கலாம் என்றார். அவருடைய முறையே அதுதான். திரும்ப எடுக்க முடியாத எதையும் முதல் நாள் செய்ய மாட்டார்.

அடுத்த திங்கள் அக்கா வந்தாள். "கஞ்சி குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. நோவு நல்லா கொறஞ்சு" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பார்த்தாயா, நம் கார்டு சரியாக இருந்தது என்று.

டாக்டர் அன்று பேனாவை எடுத்து நல்ல மாற்றம் என்று எழுதப் போனவர் நின்றார். கார்டை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, இது ஆருக்க வார்த்தை?"

நான் கார்டை எட்டிப் பார்த்தேன்.

"லில்லி ஒரு கேள்விக்கு 'உண்டு'ன்னு சொல்லி நிறுத்துற ஆளா?"

அக்கா அதற்குள், "எங்கிட்ட ஆரும் ஒண்ணும் கேக்கல்லியே டாக்டரே. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்று சிரித்தாள். எனக்குத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது. டாக்டர் ஒரு புதிய அட்டையை எடுத்து என்னிடம் தந்தார். குரலை உயர்த்தவில்லை. "இரி. முதல்ல இருந்து கேளு. நான் இங்கேயே நிக்கேன்."

எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"அக்கா, சவைக்கும்போது முதல் வாயிலேயே நோவுமா?"

"இல்ல மக்கா. முதல் வாய் சொகமாப் போவும். நாலு வாய், அஞ்சு வாய் ஆவும்பம்தான் தாடை கடுத்து சோர்ந்து போவும். ஏற்றம் ஏறினா காலு கடுக்காதா, அதுபோல ஆக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா போவும். பின்னயும் தின்னா பின்னயும் வரும்."

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுதுவது நின்றுபோயிற்று. "எழுது" என்றார்.

"தலையில ஏதாவது உண்டா அக்கா?"

"தலைக்கு இந்தப் பக்கம் தொட முடியாது. சீப்பு பட்டா உயிரு போவும். டாக்டரு சொன்ன வெந்நித் துணிய வச்சேன், அதுவும் ஆவல்ல."

அப்போதுதான் நான் அவள் தலையைப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து இறுக்கி முடிந்த கொண்டை இல்லாமல் லில்லி அக்காளை நான் பார்த்ததே கிடையாது. அன்று முந்தானையைத் தலைவழியாகப் போட்டிருந்தாள், உள்ளே முடி அப்படியே பறந்து கிடந்தது. போன ஞாயிறு ஆலயத்திலும் அப்படித்தான் இருந்தாள். நான் கண்டேன். மருமகளோடு பிணக்கம் முற்றிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்ணுல ஏதாவது?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "வயசாச்சுல்லா. இந்த வாரம் ரெண்டு தடவ எடது கண்ணுல ஒரு திரை இறங்கினது மாதிரி வந்துது. கொஞ்ச நேரத்துல போச்சு. ஊசிக்கண்ணு காணல்ல, அதுகொண்டு அறிஞ்சேன்."

டாக்டர் அவள் நெற்றிப்பொட்டில் ஒரு விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் கயிறு போலத் தடித்து ஒன்று ஓடிற்று. வலப்பக்கம் அது இல்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நெய்யாற்றின்கரையில் தெரிந்த ஒரு பொது மருத்துவரைப் போனில் பிடித்து மலையாளத்தில் பேசினார். வைத்ததும் என்னிடம், "இது தாடை இல்ல. தலைக்குப் போற ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. தாடைத் தசைக்கு ரத்தம் போதல்ல, அதுதான் சவைக்கச் சவைக்க கடுக்குது. கஞ்சி குடிச்சா சவைக்க வேண்டாம், அதுதான் நோவு கொறஞ்சது. இதே குழாய்தான் கண்ணுக்கும். இண்ணைக்கே மருந்து போகணும், நீ கூடப் போ" என்றார். வரிசையில் இருந்தவர்களிடம் அவரே வெளியே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் அக்கா என் தொடையில் தட்டி, "பல்லக் காட்ட வந்தேன், கண்ணுன்னு சொல்லுதாவ. அடுத்தது என்னட்டி, காலா? மொத்தமா பாத்துட்டு விடச் சொல்லு" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். "நீ எனக்கு அழுதியா, உனக்கு அழுதியா?" என்றாள். இரண்டுக்கும்தான்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், முடிவு மோசமாக இருந்தது. மாத்திரையை அப்போதே கொடுத்துவிட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெற்றிப்பொட்டிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதித்து, டாக்டர் சொன்னதுதான் என்று உறுதி செய்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு கண்ணுமே போயிருக்கும் என்று அங்கே ஒரு பெண் டாக்டர் சொன்னார். மாத்திரை ஒன்றரை வருஷம் போயிற்று. முகம் பூரித்தது, சர்க்கரை ஏறிற்று, இறங்கிற்று. அக்கா மெஷினுக்குத் திரும்பினாள். கேட்டவர்களிடமெல்லாம், "கண்ணு பேஷா இருக்கு, தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

அக்காளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பின மறுநாள், நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் அந்தப் பழைய கார்டை மேஜையில் வைத்திருந்தார். நான் எழுதியதற்குக் கீழே தன் கையால் எழுதியிருந்தார்: 'முதல் நாள் நோயாளியிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதியிருந்ததை நம்பிப் பார்த்தேன்.' கீழே அவர் கையெழுத்து. என் பேர் எங்கேயும் இல்லை.

"மேடம், இது நான் செய்தது" என்றேன்.

"பரிசோதிச்சது ஞான்தான். கையெழுத்து எனக்கதுதான் வரும்" என்றார். "உனக்கு லில்லிய அறியும். அதுகொண்டுதான் கேக்கல்ல. இனி அறியுற ஆள் வந்தா நாலு தடவ கேளு. போயி தட்டை எடுத்து வை, ஆள் வருது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வேறு யாரிடமும் சொன்னதும் இல்லை. இப்போது கிளினிக்கை நடத்துகிற புதிய டாக்டர் கார்டை எடுத்துவிட்டு டேப்லெட் வைத்திருக்கிறார். அதில் 'முதல் வாயிலா, போகப் போகவா' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. வத்சலா டாக்டர் சொல்லிச் சேர்த்தது. அது என்னைவிட நம்பிக்கையான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வழியனுப்பில் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். ஆனால் எழுதப் போகும்போது ஒன்று தடுத்தது. இதை வாசிக்கிறவர்களில் லில்லி அக்காளும் உண்டு. அவள் இதை அச்சில் பார்த்து அறியக்கூடாது. போன வியாழக்கிழமை தையல் கடைக்குப் போய், மெஷினுக்கு இடப்பக்கம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தைக் காரணம் சொல்லவில்லை. தெரியும் என்ற திமிரில்தான் கேட்காமல் எழுதினேன் என்று சொன்னேன்.

அக்கா மிதிப்பதை நிறுத்தினாள். "அதுக்கு நாலு வருஷமா ஒறங்காம இருந்தியா? நீ எழுதினதுல எது தப்பு? நூலு கடிக்கியது நான்தான். மருமவகூட பிணங்கியதும் நான்தான்."

"ஒரு வாரம் போச்சே அக்கா."

அவள் துணியை ஒதுக்கி வைத்தாள். ஒரு கேள்வியை நாலு வருஷமாக நான் யாரிடமும் கேட்டதில்லை. டாக்டரிடமும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"அக்கா, உள்ளதச் சொல்லு. உனக்க கண்ணு முழுசும் இருக்கா?"

"எல்லாரும் 'நல்லா இருக்குல்லா'ன்னுதான் கேட்டாவ. நானும் நல்லா இருக்குன்னேன்" என்றாள். கையை எடுத்து இடது கண்ணுக்குக் கீழே ஓரமாகக் காட்டினாள். "இந்த மூல இல்ல. இங்க வச்ச சாயாவ எத்தன தடவ தட்டி விட்டிருக்கேன் தெரியுமா. மருமவ பழியெல்லாம் பூனைக்குப் போடுவா."

"எப்போ போச்சு?"

"கஞ்சி குடிச்ச வாரம்."

அவள் என்னைத் தேற்றுவதற்காக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றியை எழுதுகிறேன். இதை அச்சில் போடலாமா என்று கேட்டேன். "மூலையையும் சேத்துப் போடு" என்றாள்.

பிறகு உள்ளே பார்த்து இரண்டு சாயா வேண்டும் என்று விளித்துச் சொல்லிவிட்டு, நூலை இழுத்து, கத்திரிக்கோலால் அறுத்தாள். "ஏட்டி, நீ அங்க இருந்தா உனக்க பாதியத்தான் எனக்குக் காணும்" என்றாள்.

நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், அவளுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.